பின்சுவர் வளைவு

அந்த ஞாயிறு காலை என் தம்பி வீட்டுப் பின்புறம் இருந்தவர்கள்: தம்பி, அவன் மனைவி, அவர்கள் மகள், மகளின் கணவரான எங்கள் மாப்பிள்ளை, பின்வீட்டு நர்ஸ், நகராட்சியிலிருந்து சத்தம் அளக்க வந்த அதிகாரி, நான். இவ்வளவு பேர்தான். டிக்கெட் வாங்க வந்த கூட்டத்தை வெளிக்கதவுக்கு அப்பாலேயே நிறுத்தியிருந்தோம். கதவைப் பூட்டியவன் நான். ஆகையால் "என் கண்ணால பாத்தேன்" என்று கடைத்தெருவில் யாராவது ஆரம்பித்தால், எந்தச் சுவரில் ஏறி நின்று பார்த்தார் என்று முதலில் அவரைக் கேட்க வேண்டும்.

வீட்டு விஷயத்தை வெளியே எடுத்துச் சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆனால் நாம் சொல்லாமல் விட்டதை மற்றவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்கிறார்கள். அதற்கு நானே சொல்லிவிடுவது மேல்.

என் தம்பி நெசவாலையில் தறி ஃபிட்டராக இருந்தவன். ஆலையில் அவனுக்கு 'நூல்' என்று பட்டப்பெயர். எதையும் நூல் பிடித்த மாதிரி செய்வான் என்பதால் வந்த பெயர். கேலியும் பாதி கலந்ததுதான். அவன் கழற்றி மாட்டிய தறியில் இன்னொருவன் கை வைத்தால் மூன்று நாள் பேசமாட்டான். ஆலையை மூடியபின் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தில் குட்டி ரயில் ஒன்று போட்டான். தண்டவாளம் ஒரு சாண் அகலம்கூட இருக்காது. எஞ்சின் ஒரு கன்றுக்குட்டி உயரம். ஆனால் உண்மையான நிலக்கரி, உண்மையான நீராவி. பெட்டிகளில் குதிரை மேல் உட்காருவதுபோல் காலை இருபுறமும் போட்டு உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே வந்தது. நான் டிக்கெட் கிழித்தேன். தம்பி மகள் எஞ்சின் ஓட்டினாள். அவள் நிலக்கரி அள்ளிப் போடும் அழகைப் பார்க்கவே சிலர் வருவார்கள். முகம் முழுக்கக் கரி, ஆனால் சட்டைக் காலரில் ஒரு புள்ளி இருக்காது. அப்பனைப் போல.

வண்டி கொட்டகையிலிருந்து கிளம்பி, காய்கறிப் பாத்திகளைச் சுற்றி, கோழிக்கூண்டின் பக்கமாக மேடேறி, பின்சுவரை ஒட்டித் திரும்பி வரும். அந்தத் திருப்பத்தில்தான் வினை. நிலம் அங்கே குறுகிவிடுகிறது. இன்னும் நாலு முழம் இருந்திருந்தால் வளைவைத் தாராளமாகப் போட்டிருக்கலாம். இல்லை. ஆகவே தண்டவாளத்தை மடக்கி மடக்கி, கைவிரலை மடக்கியதுபோல் வளைத்திருந்தான்.

இவ்வளவு இறுக்கமான வளைவில் ரயில் சக்கரம் கத்தும். வண்டிச் சக்கரம் மாதிரி தனித்தனியாகச் சுற்றுவதில்லை ரயில் சக்கரம். இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் இறுகியிருக்கும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்சக்கரம் குறைவாகப் போக வேண்டும். சேர்ந்துதான் சுற்ற முடியும் என்பதால் ஒன்று இழுக்கும், ஒன்று தேய்க்கும். போதாததற்குச் சக்கர விளிம்பு தண்டவாளத்தின் பக்கவாட்டில் உரசும். அந்தச் சத்தத்தைச் சிலேட்டில் ஆணி கீறுவதுபோல் என்று சொன்னால் சிலேட்டுக்கு அவமானம். பல் கூசும். கோழிகள் கூண்டின் மறுகோடிக்கு ஓடும். மழை பெய்து தண்டவாளம் நனைந்திருந்தால் கத்தாது. ஆனால் அந்தக் கோடையில் ஒரு தூறல்கூட விழவில்லை.

சுவருக்கு அந்தப்பக்கம் நர்ஸின் படுக்கையறை. அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. நாங்கள் ரயில் விடும் நேரம்தான் அவருக்கு நடுநிசி. முதலில் சுவருக்கு மேலே தலையை நீட்டி மரியாதையாகத்தான் சொன்னார்.

"ஐயா, ராத்திரி முழுக்க வார்டுல நின்னுட்டு வர்றேன். இப்பத்தான் கண்ணை மூடுறேன். அந்தச் சத்தத்துக்கு ஏதாவது செய்யக்கூடாதா?"

"எந்தச் சத்தம்மா?" என்றான் தம்பி.

"எந்தச் சத்தமா?"

"எஞ்சின் புஸ்ஸு புஸ்ஸுனு விடுறதையா சொல்றீங்க? அது நீராவி. விட்டுத்தான் ஆகணும்."

அந்த அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கேலி செய்கிறான் என்று நினைத்தார். நாங்களும் பிடிவாதம் பிடிக்கிறான் என்றுதான் நினைத்தோம். தன் தண்டவாளத்தில் குறை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் ஆள் இல்லை அவன். பிறகு அவர் நகராட்சிக்குப் போனார். அவர்மேல் தப்பில்லை. வரும் ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு அதிகாரி வந்து அளப்பார், வரம்பு மீறினால் அன்றோடு ரயிலை நிறுத்த வேண்டும் என்று வீட்டுக்கு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

ஆலை மூடிய பிறகு என் தம்பி எப்படி இருந்தான் என்பதை அவன் மனைவியும் நானும் அறிவோம். பகலெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் "எதுக்கு" என்பான். அந்த ரயில்தான் அவனை எழுப்பி நடமாட வைத்தது. அது நின்றால் இவனும் நின்றுவிடுவான் என்று எங்களுக்குத் தெரியும். வாய் விட்டு யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். கல்யாணத்துக்குப் பின் மாடியில்தான் குடியிருக்கிறார்கள். நல்ல மனிதர், கொஞ்சம் அவசரம். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மாமா, வளைவுல ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல கொஞ்சம் தளர்வு குடுக்கணும். உள்பக்கத்தை ஒரு நெல்லு அளவு தள்ளிப் போட்டா விளிம்பு உரசாது."

"தளர்வா? என் தண்டவாளத்துலயா?"

"வளைவுல மட்டும்தான் மாமா."

"மாப்ளே, அங்க இருந்து இங்க வரைக்கும் அளவுக்கட்டை வெச்சுப் பாருங்க. எந்த இடத்துலயாவது ஒரு மயிரிழை ஆடுனா நான் பேரை மாத்திக்கிறேன். அதைப் போய் ஆட விடச் சொல்றீங்க."

"ஆடாததுதான் மாமா கத்துது."

"கத்துதா? எங்க கத்துது? எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுறீங்க."

மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. தண்டவாளத்தின் பக்கவாட்டில் கிரீஸ் தடவினார். நல்ல யோசனைதான், விரலால் தொட்டு வைத்திருந்தால் போதும். அவர் அப்பத்துக்கு வெண்ணெய் தடவுவதுபோல் தடவிவிட்டார். சக்கரம் அதை இழுத்துத் தண்டவாளத்தின் தலைமேல் பூசிவிட்டது. அடுத்த நடையில் கோழிக்கூண்டு மேட்டில் எஞ்சின் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, பயணிகளோடு பின்னால் வழுக்கிப் பாத்தி வரைக்கும் வந்தது. தக்காளிச் செடி இரண்டு போயிற்று. பயணிகள் இதுவும் டிக்கெட்டில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டினார்கள். தம்பி கைதட்டவில்லை. மண்ணெண்ணெய் தொட்ட துணியோடு குனிந்து ஒவ்வோர் அடியாகத் துடைத்துக்கொண்டே போனான்.

அன்றிலிருந்து மாமனாரும் மருமகனும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். பேச்சு மட்டும் மகள் வழியாகப் போகும்.

"உங்கப்பாவை அந்த உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பார் மாப்பிள்ளை.

"உப்பு இருக்கட்டும். வளைவுல தண்டவாளத்தைப் பிடிக்கிற கவ்வியைத் தளர்த்துனது யாருன்னு உன் வீட்டுக்காரரைக் கேளு" என்பான் தம்பி.

"யாரு இறுக்குறாங்களோ அவங்களைக் கேக்கச் சொல்லு."

மகள் அவித்த உருளைக்கிழங்கை உரித்தபடியே சொன்னாள்: "நான் என்ன தபால் ஆபீஸா? ரெண்டு பேரும் வளந்த ஆம்பளைங்க. வாயைத் தொறந்து நேரா பேசுங்க. பெரியப்பா, நீங்களாவது ஏதாவது சொல்லுங்களேன்."

நான் உப்பை எடுத்து மாப்பிள்ளை பக்கம் வைத்தேன். அதற்குமேல் அந்த மேஜையில் நான் செய்யத்தக்கது எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

வாரத்தின் நடுவில் ஒருநாள் போனபோது, தம்பி மனைவி தேநீர் கொடுத்துவிட்டு அடுக்களை ஜன்னலைக் காட்டினாள். அங்கிருந்து பார்த்தால் வளைவு தெரியும்.

"அத்தான், இந்த வீட்டுல ரெண்டு பேரு ஒரே நட்டைச் சுத்திக்கிட்டிருக்காங்க. மாப்ள வேலைக்குப் போறதுக்கு முன்னாடி குனிஞ்சு இடது பக்கம் சுத்துறாரு. இவரு சாயங்காலம் காலிப் பெட்டியைக் கையால தள்ளிப் பாத்துட்டு, தலையில அடிச்சுக்கிட்டு வலது பக்கம் சுத்துறாரு. அந்த நட்டுக்கே தலை சுத்தும்."

"ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

"தெரியாம என்ன? ரெண்டு பேருக்கும் தெரியும். கேக்குறதுக்குத்தான் கௌரவம் இடம் குடுக்கலை."

"நீ சொல்லக்கூடாதா?"

"இவர்கிட்ட சொன்னா, மாப்ளைக்குப் பரிஞ்சு பேசுறியாம்பாரு. மாப்ளகிட்ட சொன்னா, மாமாவுக்குப் பரிஞ்சு பேசுறீங்களா அத்தைம்பாரு. நீங்க பெரியவங்க. நீங்க சொல்லுங்க."

"மாப்பிள்ளையைக் கூப்பிட்டு வெச்சு நான் குத்தம் சொல்றதா? நல்லா இருக்காதும்மா."

"அப்ப உங்க தம்பிகிட்ட சொல்லுங்க."

"மாப்பிள்ளை பண்றதை அவன்கிட்ட போய்க் கோள் சொல்லச் சொல்றியா?"

அவள் காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "சரி. அவங்க ரெண்டு பேரும் நட்டைச் சுத்தட்டும். நீங்க மரியாதையைச் சுத்திக்கிட்டு உக்காந்திருங்க."

என்னிடம் அப்படிப் பேசும் உரிமை அவளுக்கு உண்டு. 

ஞாயிறு வந்தது. காலையிலேயே வெயில் சுள்ளென்று அடித்தது. தண்டவாளத்தைத் தொட்டால் கை சுட்டது. மகள் விடியுமுன்னே எழுந்து சாம்பலைக் கிளறி, நெருப்பு மூட்டி, நீராவி ஏற்றி வைத்திருந்தாள். நர்ஸ் இரவு வேலை முடித்து, வெள்ளை உடுப்போடு நேராக வந்து பின்சுவரின் அருகே நின்றார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அதிகாரி இளைஞர், கையில் சத்தம் அளக்கும் கருவி. அதில் ஒரு முள். வளைவுக்கு நேரே மூன்று கால் தாங்கியில் அதை நிறுத்தினார்.

முந்தின நாள் சாயங்காலம் கடைசியாக நட்டைச் சுற்றியது தம்பி. அதாவது எல்லாம் இறுக்கமாக இருந்தது.

வண்டி வந்தது. வளைவில் ஏறியதும் கத்த ஆரம்பித்தது. அவ்வளவு பொல்லாத சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. நர்ஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அதிகாரி தோளை உயர்த்திக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். கருவியின் முள் எழுந்து கடைசிவரை போய் நின்றது. என் தம்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து, புன்சிரிப்போடு நின்றான்.

"பாத்தீங்களா சார்? பூனை நடந்த மாதிரி இருக்கா இல்லையா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கோழிகளைப் பார்த்தேன். அரசாங்கத்திலிருந்து வந்த மனிதரைத் தம்பி தன் வீட்டிலேயே வைத்துக் கேலி செய்வதாக எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மகள் எஞ்சினை நிறுத்தி இறங்கி வந்தாள். "அப்பா, இதுவாப்பா பூனை? அறுபடுற பன்னி மாதிரி கத்துது. சாருக்கு முன்னாடி ஏம்பா இப்படிப் பண்றீங்க?"

"நான் என்னம்மா பண்ணேன்?"

மாப்பிள்ளை யாரிடமும் கேட்கவில்லை. ஸ்பேனரையும் கடப்பாரையையும் எடுத்துவந்து வளைவின் தொடக்கத்தில் மண்டியிட்டுக் கவ்விகளைத் தளர்த்தத் தொடங்கினார். தளர்த்தி, உள்தண்டவாளத்தை நெம்பி ஒரு நெல் தள்ளி, மறுபடி இறுக்கினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தம்பி தடுக்கப் போனான்.

"தம்பி, சும்மா இரு" என்றேன். அந்த வாரம் முழுதும் நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். அன்றைக்குத்தான் வாயில் வந்தது.

பாதி வளைவு முடிந்திருக்கும். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு இன்னும் ரெண்டு இடம் போகணுங்க. முடிஞ்ச வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க, பாக்கலாம்."

மகள் மறுபடி ஓட்டினாள். தளர்த்திய பாதியில் வண்டி அமைதியாக வந்தது. லேசாகத் தட தட என்று ஓர் ஆட்டம், அவ்வளவுதான். பக்கத்தில் பேசினால் அதுவும் கேட்காது. பிறகு தளர்த்தாத பாதிக்குள் நுழைந்தது. உடனே பழைய அலறல். கோழிகள் ஓடின.

என் தம்பி முகத்தில் வெற்றி. "கேட்டீங்கல்ல? எல்லாரும் கேட்டீங்கல்ல? அவரு தொட்ட இடத்துல தட தடன்னு என்ன சத்தம், என்ன சத்தம். என் பாதிக்கு வந்ததும் எப்படிக் கப்புனு அடங்குச்சு பாருங்க. இதைத்தான் நான் வாரம் பூரா சொல்றேன்."

 எஞ்சின் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

முதலில் அசைந்தவர் நர்ஸ். தம்பிக்குப் பின்னால் வந்து நின்றார். தன் கைக்கடிகாரத்தில் ஏதோ அழுத்தினார். அது கீச்கீச்சென்று அடித்தது. தள்ளி நின்ற எனக்கே கேட்டது. தம்பி திரும்பவில்லை. அந்த அம்மா அதை அவன் காதுக்குப் பின்னால் கொண்டுபோனார். திரும்பவில்லை. கடிகாரத்தை நிறுத்திவிட்டு, மெதுவாக, ஒரு நோயாளியிடம் பேசும் குரலில் சொன்னார்: "ஐயா, உங்க சட்டையில கரி ஒட்டியிருக்கு."

"எங்க?" என்று உடனே திரும்பினான்.

"உங்களுக்குக் கீச்சுச் சத்தம் கேக்கறதில்லைங்க ஐயா. பேச்சு கேக்குது, கனமான சத்தம் கேக்குது. கீச்சுனு வர்றது மட்டும் போயிருக்கு. தறிக்குப் பக்கத்துல நின்னவங்க நிறைய பேருக்கு இப்படி ஆகும். நான் நீங்க என்னைக் கிண்டல் பண்றீங்கன்னு நெனச்சுட்டேன்."

தம்பி தன் மனைவியைத்தான் பார்த்தான். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை ஈரமாக இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"அலாரம் அடிச்சா நான்தானே எந்திரிச்சு நிறுத்துறேன். தூக்கம் அசந்து போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் அப்படி நெனக்க முடியலை."

"சொல்லியிருக்கலாமே."

"ஆலை போன அன்னைக்கே காதும் போச்சுன்னு சொல்லச் சொல்றீங்களா?"

நான் அதிகாரியின் அருகே போய், நிழலில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தேநீர் குடிக்கலாமே என்றேன். எங்கள் வீட்டு ஆணுக்கு உடம்பில் குறை என்று வெளியாள் முன்னால் பேச்சு வளர்வதில் எனக்குச் சம்மதமில்லை. அவர் புரிந்துகொண்டு நகரத் தொடங்கினார். தம்பிதான் விடவில்லை.

"சார், இருங்க. அந்த முள்ளை நான் பாக்கலாமா?"

கருவியின் முன்னால் போய் நின்றான். மகளைக் கை காட்டினான். அவள் மூன்றாம் முறை ஓட்டினாள். தளர்த்திய பாதியில் முள் கொஞ்சம் எழுந்து அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது. இறுக்கிய பாதியில் வண்டி நுழைந்ததும் துள்ளிக் கடைசிவரை போயிற்று. நாங்கள் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். அவன் மட்டும் எந்தச் சத்தமும் இல்லாத ஓர் இடத்தில் நின்று, அந்த முள்ளையே பார்த்தான். வண்டி வளைவைத் தாண்டிப் போயிற்று, முள் விழுந்தது. அவன் விழுந்த முள்ளையும் கொஞ்சநேரம் பார்த்தான்.

பிறகு நிமிர்ந்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு மருமகனை நேராகப் பார்த்துப் பேசினான்.

"மாப்ளே, மிச்சப் பாதியையும் கழட்டுங்க."

"சரிங்க மாமா."

"அந்தத் தட தட போகாதா?"

மாப்பிள்ளை யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார். "போகாது மாமா. தளர்வு இருந்தா அது இருக்கும். ஆனா எங்களுக்கு அது பெருசாத் தெரியலை."

"எனக்குத் தெரியுமே" என்றான் தம்பி. குரலில் கோபம் இல்லை. "இருக்கட்டும். கழட்டுங்க. நீங்க நெம்புற விதம் சரியில்லை, கடப்பாரையைக் கட்டை மேல முட்டுக் குடுத்து நெம்புங்க. கிரீஸ் தடவுன கைதானே இது."

"அதை இன்னும் விடலையா மாமா?"

"தக்காளிச் செடி ரெண்டு போச்சுல்ல?"

இருவரும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டார்கள். ஒருவர் நெம்ப, ஒருவர் நட்டை முடுக்க, மிச்சப் பாதி முடிந்தது. அதிகாரி தேநீரைக் குடித்துவிட்டு வந்து கடைசியாக ஒருமுறை அளந்தார். போதும் என்றார். நர்ஸ் தம்பி மனைவியிடம் எதுவோ சொல்லிவிட்டு, தூங்கப் போனார். நான் போய் வெளிக்கதவைத் திறந்தேன்.

இப்போது கடைத்தெருவில், என் தம்பிக்குக் காது முழுக்கச் செவிடு என்றும், குடும்பமே சேர்ந்து அதை மறைத்து ரயில் விட்டது என்றும் ஒரு பேச்சு நடக்கிறது. அது தவறு. என் தம்பிக்குக் காது கேட்கும். ஞாயிற்றுக்கிழமை அந்த வளைவில் வண்டி தட தடவென்று திரும்பும்போது, பக்கத்தில் நிற்பவர்களில் முகத்தைச் சுளிப்பவன் அவன் ஒருவன்தான்.